விண்மீன் ஒளிப்படங்களும் கணனி மென்பொருள்களும்: குறைந்த செலவில் நல்லதைத் தெரிந்தெடுத்தல்



வானத்தைப் படம் பிடிக்கும் முயற்சி ஒளிப்படக் கலை பிறந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. நியூயோர்க்கில் வாழ்ந்த ஜோன் வில்லியம் டிரேப்பர் 1840 ஆம் ஆண்டில் நிலவைப் படம் பிடித்தார். அவருடைய மகனாகிய ஹென்றி டிரேப்பர், 1880 செப்ரெம்பர் 30 ஆம் நாள் இரவு, ஓரியன் என்னும் வேட்டுவன் விண்மீன் குழுவிலுள்ள பெரிய வான்முகிலை 51 நிமிடங்கள் ஒளிபடச் செய்து பதிவு செய்தார். நெபுலா எனப்படும் வான்முகில் ஒன்று ஒளிப்படத்தில் அகப்பட்டது அதுவே முதன்முறை. அன்று வசதி படைத்த ஒருவரின் தனி வானாய்வுக்கூடத்தில் மட்டுமே இயன்ற அச்செயலை, இன்று பழைய கமரா ஒன்றும் முக்காலி ஒன்றும் வைத்திருக்கும் மாணவர் தம் வீட்டுப் பின்வளவில் நின்றே செய்யலாம்.

ஆயினும் படம் எடுப்பது பாதி வேலையே. மறுபாதி கணனியில் நடைபெறுகிறது. நம் பாடசாலையின் மேல்வகுப்பு மாணவர் சிலருக்கு இத்துறையில் ஆர்வம் பிறந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. அவர்களுடைய பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதற்கென்று விலை கூடிய மென்பொருள் வாங்க வேண்டுமா?" ஏதிலிகளாக வந்து, இரவுபகல் உழைத்துச் சேர்த்த பணத்தில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பங்களுக்கு இது சிறிய கேள்வி அன்று. அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மென்பொருள் செய்யும் பணி யாது?

வான்முகில் ஒன்றைச் சில விநாடிகள் படம் எடுத்துப் பார்த்தால் ஏறத்தாழக் கறுப்பாகவே தோன்றும். படத்தில் ஒன்றும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. மங்கிய ஒளி இருளோடு இருளாக ஒட்டிக் கிடக்கிறது. அதனை வெளிக்கொணர இரண்டு பணிகள் வேண்டும்.

முதலாவது அடுக்குதல். ஒரே பொருளைப் பல முறை படம் எடுத்து, விண்மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துமாறு வைத்துச் சராசரி காண்பதே அடுக்குதலாகும். ஒவ்வொரு படத்திலும் உண்மையான ஒளியோடு எழுந்தமானமான புள்ளிகளும் கலந்திருக்கும். இதனை இரைச்சல் என்பர். படங்களைக் கூட்டும்போது உண்மையான ஒளி படங்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பெருகும். இரைச்சலோ அவ்வெண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே பெருகும். 64 படங்களைக் கூட்டினால் ஒளி 64 மடங்காகும், இரைச்சல் 8 மடங்காகும். ஆகவே ஒளிக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் 8 மடங்கு உயர்கிறது. வகுப்பில் கற்ற வர்க்கமூலம் எங்கே பயன்படும் என்று கேட்கும் மாணவர்க்கு இதோ ஒரு விடை.

இரண்டாவது நீட்டல். படத்தின் ஒளியளவுகளை வலையுருவரையமாக வரைந்தால், ஏறத்தாழ எல்லாப் படப்புள்ளிகளும் இடப்பக்க ஓரத்தில், இருளை அடுத்து நெருக்கியடித்து நிற்பதைக் காணலாம். அந்தக் குறுகிய பகுதியை அகல விரித்து, கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கொண்டுவருதலே நீட்டல் எனப்படும்.

இவ்விரு பணிகளுக்கும் முன்பாகச் செய்யவேண்டிய சீராக்கலும் உண்டு. வில்லையை மூடிவிட்டு, அதே ஒளிபடு நேரத்தில், அதே குளிரில் எடுக்கும் இருட்படங்கள் கமராவின் சொந்தக் குறைகளைக் காட்டும். மாலை வானத்தை நோக்கி, வில்லையின் மேல் வெள்ளைத் துணி கட்டி எடுக்கும் சமன்படங்கள் தூசியின் நிழலையும் ஓரங்களின் மங்கலையும் காட்டும். மென்பொருள் இருட்படத்தைக் கழித்து, சமன்படத்தால் வகுக்கிறது. இங்கும் கழித்தலும் வகுத்தலுமே நிகழ்கின்றன. மாயம் எதுவும் இல்லை.

தெரிவு செய்யுமுன் கேட்கவேண்டிய ஐந்து கேள்விகள்

1. எத்தனை பிற் ஆழத்தில் வேலை செய்கிறது? இதுவே தலையாய கேள்வி. 8 பிற் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 ஒளிப்படிகளே உண்டு. 14 பிற் கமராவில் 16,384 படிகளும், 16 பிற் படத்தில் 65,536 படிகளும் உண்டு. வான்முகிலின் ஒளி முழு வீச்சில் கீழ் 64 இல் ஒரு பங்கினுள் அடங்கியிருப்பதாகக் கொள்வோம். 8 பிற் மென்பொருளில் அதற்குக் கிடைப்பவை 4 படிகள் மட்டுமே. 16 பிற் மென்பொருளில் 1,024 படிகள் கிடைக்கும். நான்கு படிகளை நீட்டினால் படம் பட்டை பட்டையாகப் பிளந்து போகும். எனவே 16 அல்லது 32 பிற்றில் இயங்காத மென்பொருள், இலவசமாயினும் இப்பணிக்கு உதவாது.

2. கமராவின் மூலக் கோப்பையும், வானியலாளர் பயன்படுத்தும் ஃபிற்ஸ் கோப்பையும் திறக்குமா? ஃபிற்ஸ் என்பது 1981 இல் வெளியிடப்பட்டு, இன்றும் உலகின் வானாய்வு நிலையங்கள் யாவும் பயன்படுத்தும் கோப்பு முறையாகும். ஜேபெக் கோப்பு 8 பிற் மட்டுமே கொண்டது. முடிந்த படத்தை உறவினர்க்கு அனுப்ப அது போதும், வேலை செய்ய அது போதாது.

3. படங்களைத் தானே பொருத்தி அடுக்குமா? அன்றி அதற்கு வேறொரு மென்பொருள் வேண்டுமா?

4. வீட்டிலிருக்கும் கணனியில் இயங்குமா? வின்டோஸ், மக், லினக்ஸ் என்பவற்றுள் எது நம்மிடம் உள்ளது என்று முதலில் பார்க்க வேண்டும்.

5. விலை ஒருமுறை செலுத்துவதா, சந்தாவாகத் தொடர்ந்து செலுத்துவதா?

இன்று கிடைக்கும் மென்பொருள்கள்

சிரில்: வானியல் ஒளிப்படங்களுக்கென்றே ஆக்கப்பட்ட இலவச மென்பொருள். மூலநிரல் திறந்தது. வின்டோஸ், மக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்கும். சீராக்கல், பொருத்தல், அடுக்கல், நீட்டல் அனைத்தையும் 32 பிற்றில் செய்யும். படத்திலுள்ள விண்மீன்களை அடையாளம் கண்டு, வானியலாளரின் அட்டவணைகளிலுள்ள நிற அளவுகளோடு ஒப்பிட்டு, படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் வசதியும் இதில் உண்டு. ஒரே ஒரு மென்பொருளைச் சொல்லும்படி கேட்டால் இதனையே சொல்வேன்.

டீப் ஸ்கை ஸ்ராக்கர்: படங்களை அடுக்குவதற்கான இலவச மென்பொருள். வின்டோஸ் கணனி வைத்திருப்போரிடையே நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. தொடக்க மாணவர்க்கு எளிது. ஆனால் இறுதி மெருகூட்டலுக்கு வேறொன்றையும் நாட வேண்டும்.

கிம்ப்: கலிபோர்ணியாவின் பேர்க்கிளிப் பல்கலைக்கழக மாணவர் இருவர் 1995 இல் தொடங்கிய பொதுவான பட மென்பொருள். இதுவும் இலவசம். 2018 இல் வெளிவந்த 2.10 பதிப்புக்கு முன்னர் இது 8 பிற்றிலேயே இயங்கியது. அதனால் வானியல் அன்பர்கள் இதனை ஒதுக்கினர். இப்போது 16, 32 பிற்றுகளில் இயங்குகிறது. 2025 இல் 3.0 பதிப்பு வெளிவந்தது. பழைய நூல்களில் "கிம்ப் இதற்குப் போதாது" என்று எழுதியிருப்பதைக் கண்டு தயங்க வேண்டியதில்லை.

அஃபினிற்றி: பிரித்தானியாவின் செரிஃப் நிறுவனம் ஆக்கியது. பல ஆண்டுகள் ஒருமுறை விலை கொடுத்து வாங்கும் மென்பொருளாக இருந்தது. வானியல் படங்களை அடுக்கும் வசதி 2021 இல் சேர்க்கப்பட்டது. 2024 இல் செரிஃப் நிறுவனத்தைக் கன்வா நிறுவனம் வாங்கியது. 2025 ஒக்ரோபர் இறுதியில் இம்மென்பொருள் இலவசமாக்கப்பட்டது. கன்வாவில் கணக்குத் திறக்க வேண்டும். மூலநிரல் திறந்ததன்று ஆகையால், இதன் நிபந்தனைகளை மாற்றும் உரிமை உரிமையாளரிடமே உள்ளது என்பதை மறத்தலாகாது.

போட்டோசொப்: 1990 இல் வெளிவந்த புகழ்பெற்ற மென்பொருள். ஆற்றல் மிக்கது. ஆனால் 2013 இல் இதன் நிறுவனம், இனிவரும் பதிப்புகள் சந்தாவுக்கு மட்டுமே என அறிவித்தது. இருட்படம் கழித்துச் சீராக்கும் வானியல் வசதி இதில் இல்லை. ஆகவே இதனை வாங்கினாலும் சிரில் போன்றதொன்றும் தேவைப்படும்.

பிக்ஸ்இன்சைற்: ஸ்பெயின் நாட்டில் ஆக்கப்படுவது. இத்துறையில் ஆழ்ந்தோர் பலர் பயன்படுத்துவது. விலை சில நூறு யூரோ. ஒருமுறை செலுத்தினால் போதும். கற்பதற்குப் பொறுமையும் வேகமான கணனியும் வேண்டும். தொடக்கத்தில் இது தேவையில்லை.

நிலவையும் கோள்களையும் படம் எடுக்க விரும்புவோர்க்கு வழி வேறு. வளிமண்டலத்தின் அசைவினால் கோள்கள் நடுங்கித் தோன்றும். ஆகையால் ஆயிரக்கணக்கான படங்களை நிகழ்படமாக எடுத்து, அவற்றுள் தெளிவானவற்றை மட்டும் பொறுக்கி அடுக்குவர். ஓட்டோஸ்ராக்கேட் என்னும் இலவச மென்பொருள் அப்பொறுக்கலைச் செய்கிறது.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது?

சந்தா மாதம் 10 பவுண் எனக் கொண்டால் ஆண்டுக்கு 120 பவுண், ஐந்து ஆண்டுகளில் 600 பவுண் ஆகிறது. சந்தாவை நிறுத்தினால் மென்பொருளும் நின்றுவிடும். அப்பணத்துக்குப் பழைய நல்ல கமரா, வில்லை, உறுதியான முக்காலி மூன்றையும் வாங்கிவிடலாம்.

இலவச மென்பொருளிலும் மறைவான செலவு ஒன்று உண்டு. அது கணனியின் இடவசதி. 24 மில்லியன் படப்புள்ளிகள் கொண்ட படத்தை மூன்று நிறங்களில் 32 பிற்றாக எழுதினால், ஒவ்வொன்றும் 24 × 3 × 4 = 288 மெகாபைற் ஆகும். 60 படங்களுக்கு ஏறத்தாழ 17 கிகாபைற் வேண்டும். சீராக்கியவை ஒருமுறை, பொருத்தியவை மறுமுறை என எழுதப்படுவதால் அது இரட்டிக்கும். எனவே பணம் செலவழிக்க விரும்பும் பெற்றோர், மென்பொருளுக்குச் செலவிடாது வெளிச்சேமிப்பு வட்டு ஒன்றுக்குச் செலவிடுவது அறிவுடைமை.

நகரத்து வானமும் நம் பிள்ளைகளும்

1990 முதல் பல ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. குப்பி விளக்கில் படித்த எம் தலைமுறைக்கு, முற்றத்துக்கு வந்து தலை நிமிர்ந்தால் பால்வீதி தெரிந்தது. அது போரின் இருள். அதனை மீண்டும் விரும்புவார் எவருமிலர். ஆயினும் அந்த வானத்தை, இலண்டன் போன்ற நகரங்களில் வீதி விளக்குகளின் கீழ் வளரும் நம் பிள்ளைகள் கண்டதில்லை. அவர்களுக்கு அதனைக் காட்டும் வழிகளுள் ஒன்று இந்தப் படக்கலை. படத்தில் பரவியிருக்கும் நகர ஒளியை அளந்து கழிக்கும் வசதி சிரிலில் உண்டு. பின்னணியில் ஒளி எவ்வாறு கூடிக் குறைகிறது என்பதைக் கணித்து, அவ்வளவை மட்டும் அது நீக்குகிறது.

ஒரு காலக்குறிப்பும் தேவை. இலண்டனின் அகலக்கோட்டில் மே கடைசி வாரம் தொடக்கம் ஜூலை நடுப்பகுதி வரை வானம் முழுமையாக இருள்வதில்லை. மார்கழி முதல் மாசி வரையுள்ள இரவுகளே உகந்தவை. அப்போது தெற்கே வேட்டுவன் குழு எழுந்து நிற்கும். அதன் தோளிலுள்ள செந்நிற விண்மீனே நம் பஞ்சாங்கங்கள் கூறும் திருவாதிரை. அதற்கு மேலே வலப்புறமாக உரோகிணியும், அதற்கு அப்பால் கார்த்திகைக் கூட்டமும் தெரியும். வேட்டுவனின் இடைவாளிலுள்ள வான்முகில் நம்மிடமிருந்து ஏறத்தாழ 1,300 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. இன்று உங்கள் கமராவில் விழும் அதன் ஒளி, தமிழகத்தைப் பல்லவர் ஆண்ட காலத்தில் புறப்பட்டது.

களவுப் பிரதிகள் குறித்து

விலை கூடிய மென்பொருளின் களவுப் பிரதியை நண்பர் ஒருவர் தந்தார் என்று சில மாணவர் பெருமையோடு கூறுவதுண்டு. அத்தகைய பிரதிகளுள் கணனியைக் கெடுக்கும் நச்சுநிரல்கள் ஒளிந்திருக்கக்கூடும். பெற்றோரின் வங்கிக் கணக்கும் குடிவரவுப் பத்திரங்களும் அதே கணனியில் இருக்கும் வீடுகள் பல. அந்த ஆபத்து ஒருபுறமிருக்க, பிறர் உழைப்பை விலை கொடாது எடுத்தல் களவே. இலவசமாகவே தருவோர் இருக்கையில் அதற்குத் தேவையும் இல்லை. சிரிலையும் கிம்பையும் ஆக்குவோர் பெரும்பாலும் தொண்டர்கள். ஓய்வு நாளில் வந்து தமிழ் கற்பிக்கும் நம் ஆசிரியர்களைப் போன்றவர்களே அவர்கள். அவர்கள் தருவதை நன்றியோடு பெறுவோம். இயன்றபோது சிறு நன்கொடையும் அனுப்புவோம்.

வெளிக்கொணர்தலும் புனைதலும்

திருக்குறளில் கள்ளாமை அதிகாரத்தை அடுத்து வருவது வாய்மை. இவ்விடயத்திலும் களவைத் தவிர்த்தபின் எழும் கேள்வி வாய்மை பற்றியதே. படத்தைக் கணனியில் மாற்றினால் அது பொய்ப்படம் ஆகிவிடாதா?

விடை, எதைச் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. அவுஸ்திரேலியாவில் பணியாற்றிய டேவிட் மலின் என்பவர், கணனி பரவுமுன்னர், இருட்டறையில் ஒளிப்படத் தகடுகளை நுணுக்கமாகப் பிரதி செய்து, மங்கிய ஒளியை மட்டும் பெருக்கும் முறைகளை வளர்த்தார். நீள்வட்ட வடிவான விண்மீன் பேரவைகளைச் சுற்றி எவரும் முன்பு காணாத மெல்லிய ஓடுகள் இருப்பதை 1980 அளவில் அம்முறைகள் வெளிப்படுத்தின. தகட்டில் இருந்ததை அவர் காட்டினார், இல்லாததைச் சேர்க்கவில்லை. 2023 தொடக்கத்தில் பொழுதுபோக்கு வானியலாளர்கள், அந்திரொமீடாவுக்கு அருகே ஒட்சிசன் வாயு ஒளிரும் பெரிய வில்வடிவம் ஒன்றை அறிவித்தார்கள். பல இரவுகளின் படங்களைப் பொறுமையோடு அடுக்கியதன் பயன் அது.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் 2023 இலேயே உண்டு. ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலவின் படத்தைக் கணனித் திரையில் காட்டி, அதனைக் கைத்தொலைபேசி ஒன்றினால் படம் பிடித்தார். மங்கலான மூலத்தில் இல்லாத நுணுக்கங்கள் புதிய படத்தில் தோன்றின. நிலவு எப்படி இருக்கும் என்று முன்பே கற்றிருந்த நிரல் அவற்றை வரைந்துவிட்டது. படம் அழகானது; ஆனால் எடுத்தவர் கண்டது அதுவன்று.

ஆகவே மாணவர்களுக்கு ஓர் எளிய விதி. படம் முழுவதிலும் ஒரே வகையாகச் செய்யும் கணக்கு ஏற்புடையது: அடுக்கல், கழித்தல், நீட்டல், நிறம் சீராக்கல். ஓரிடத்தில் தூரிகையால் வரைதல், வேறொரு படத்திலிருந்து ஒட்டுதல், நிரலின் கற்பனையை உண்மையெனக் காட்டுதல் ஆகியவை ஏற்புடையன அல்ல. அழகுக்காகச் செய்தால், செய்தேன் என்று படத்தின் கீழ் எழுதிவிடுங்கள். எத்தனை படங்கள், எத்தனை விநாடிகள், எந்த மென்பொருள் என்பனவற்றையும் எழுதுங்கள். விஞ்ஞானக் குறிப்பேட்டில் பரிசோதனையை எழுதும் ஒழுக்கமே இங்கும் வேண்டும்.

கமரா இல்லாதவர் செய்யக்கூடியது

கமரா வாங்க வசதியில்லாத மாணவர் மனம் தளர வேண்டியதில்லை. 1990 இல் ஏவப்பட்ட ஹபிள், 2021 டிசெம்பர் 25 இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் ஆகிய விண்வெளித் தொலைகாட்டிகளின் மூலப் படங்கள், அமெரிக்காவின் பால்ரிமோர் நகரிலுள்ள ஆவணக்களரியில் எவரும் பெறத்தக்கவாறு வைக்கப்பட்டுள்ளன. ஃபிற்ஸ் லிபரேற்றர் என்னும் இலவச மென்பொருளால் அவற்றைத் திறந்து நீட்டலாம். கிம்பில் மூன்று படங்களை மூன்று நிறங்களாகச் சேர்க்கலாம். ஜேம்ஸ் வெப் காண்பது பெரிதும் செங்கீழ்க் கதிர்களை. அவை கண்ணுக்குத் தெரியாதவை. ஆதலால் அலைநீளம் கூடியதற்குச் சிவப்பும் குறைந்ததற்கு நீலமுமாக நிறம் வழங்குவர். இவ்வொழுங்கைக் கடைப்பிடித்தால் நிறமும் ஒரு செய்தியைச் சொல்லும்.

எனவே பெற்றோர்களே, தொடங்குவதற்கு மென்பொருளுக்கென ஒரு பவுணும் செலவிட வேண்டாம். சிரிலும் கிம்பும் போதும். ஓராண்டு முயன்றபின், எந்தப் பணியை இவற்றால் செய்ய இயலவில்லை என்று உங்கள் பிள்ளை தெளிவாக எடுத்துரைப்பாராயின், அப்போது விலை கொடுத்து வாங்குவது பற்றிச் சிந்தியுங்கள்.

செய்முறைப் பயிற்சி

முகிலற்ற மாசி இரவில், 50 மி.மீ. வில்லையோடு கமராவை முக்காலியில் பூட்டி வேட்டுவனின் இடைவாளை நோக்குக. பூமி சுழல்வதால் விண்மீன்கள் கோடாகிவிடும். அதைத் தவிர்க்க, 500 ஐ வில்லையின் குவியத்தூரத்தால் வகுக்க: 500 ÷ 50 = 10 விநாடி. சிறிய உணரி கொண்ட கமராக்களில் இதனை மேலும் 1.5 ஆல் வகுக்க வேண்டும். எனவே 5 விநாடி பாதுகாப்பானது. 144 படங்கள் எடுக்க. மொத்தம் 720 விநாடி, அதாவது 12 நிமிடம். பின் 20 இருட்படங்கள் எடுக்க. யாவற்றையும் சிரிலில் அடுக்கி நீட்டுக.

வினாக்கள்

1. மேற்படி 144 படங்களை அடுக்கினால், ஒளிக்கும் இரைச்சலுக்குமான விகிதம் எத்தனை மடங்கு உயரும்?
2. 25 படங்களோடு நிறுத்தியவர் 100 படங்கள் எடுத்தால், விகிதம் முன்னையதைப்போல் எத்தனை மடங்காகும்?
3. 12 பிற் கமராவில் எத்தனை ஒளிப்படிகள் உண்டு? அவற்றுள் கீழ் 64 இல் ஒரு பங்கு எத்தனை படிகள்?
4. ஒரு படத்தில் விண்மீன் ஒன்றை அழகுக்காக வரைந்து சேர்த்தல் ஏன் தவறு? ஐந்து வரிகளில் எழுதுக.

விடைகள்: 1) 12 மடங்கு. 2) 2 மடங்கு. 3) 4,096, 64. 4) பெற்றோரோடு கலந்துரையாடி எழுதுக.